ஒயர் இல்லாத பட்டன்

எதிர்கால நகரத்தில் வெயில் கிடையாது. நம்பிக்கை இல்லையென்றால் எந்தத் திட்ட அறிக்கையின் அட்டையையும் எடுத்துப் பாருங்கள். சென்னையின் எந்தத் தெருவுக்கு எதிர்காலம் வரைந்தாலும் அங்கே மணி மாலை ஐந்தரை, மாதம் மார்கழி. காலையில் நட்ட மரம் மாலைக்குள் முப்பதடி உயர்ந்து நிழல் தருகிறது. பலூன் பிடித்த குழந்தை ஒன்று கட்டாயம் உண்டு. ஹெல்மெட் மாட்டிய சைக்கிள்காரர் ஒருவர், காபிக் கோப்பையோடு ஒரு பெண், கோட்டு அணிந்த ஒரு கனவான். தி.நகரில் கோட்டு! படத்தில் ஒட்டுவதற்கென்றே கணினியில் தயாராகக் கிடைக்கும் மனிதர்கள் இவர்கள். இதே கோட்டுக்காரர் கோயம்புத்தூர் குளக்கரையிலும் நடப்பார், இந்தூர் கடைத்தெருவிலும் நடப்பார். வியர்க்காத வரம் வாங்கி வந்தவர். அந்தத் தெருவில் கட்டைப்பை தூக்கியவர் ஒருவர்கூட இல்லை. மல்லிகைப்பூ முழம் எவ்வளவு என்று கேட்பவர் இல்லை. ஏனென்றால் விற்பவரைப் படத்திலிருந்து முதலிலேயே எடுத்துவிட்டார்கள். அதற்கு மாநகராட்சி லாரிகூடத் தேவைப்படவில்லை, மவுஸ் போதுமானதாக இருந்தது.

படம் மாட்டி ரிப்பன் வெட்டிய காலமும் மலையேறிவிட்டது. இப்போது எல்லாம் இன்டராக்டிவ். நகரத்தின் நடுப்பகுதி 2050-ல் எப்படி இருக்கும் என்பதை மக்கள் தொட்டுப் பார்க்க வேண்டும், அழுத்திப் பார்க்க வேண்டும், கண்ணில் பெட்டியை மாட்டிக்கொண்டு தலையை அண்ணாந்து பார்க்க வேண்டும். உலகம் முழுக்க நகர நிர்வாகங்களுக்கு இந்த ஆசை பிடித்திருக்கிறது. நமக்கும் ஒன்று வேண்டாமா? ஆள் தேடி டெண்டர் விடும் சிரமம் வேண்டாம். நானே வடிவமைத்துத் தருகிறேன். கட்டணம் இல்லை. இடம் தி.நகர், தமிழ்நாட்டின் பாதித் தாலிச்சரடும் பட்டுப்புடவையும் வாங்கப்படுகிற ஊர் அது. அதற்கு மேல் ஒரு நகர மையம் நமக்கு எங்கே கிடைக்கப்போகிறது?

எந்தத் தொழிலுக்கும் குருவணக்கம் முக்கியம். இந்தத் தொழிலின் குரு நார்மன் பெல் கெட்டஸ். நாடக மேடை அமைப்பிலிருந்து வந்தவர் என்பதை மறக்க வேண்டாம். 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்காக ‘ஃபியூச்சராமா’ என்ற அரங்கை அமைத்தார். 1960-ல் அமெரிக்கா எப்படி இருக்கும் என்பதுதான் காட்சி. ஐந்து லட்சம் பொம்மைக் கட்டடங்கள், 50,000 பொம்மைக் கார்கள். பார்க்க வந்தவர் நடக்க வேண்டியதில்லை. நகரும் நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், காதோரம் ஒரு குரல் விளக்கம் சொல்லிக்கொண்டே வரும். வெளியே வரும்போது எதிர்காலத்தைப் பார்த்தாயிற்று என்று சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை. கார் விற்கிறவன் காட்டும் எதிர்காலத்தில் என்ன இருக்கும்? ஊரின் நெஞ்சைப் பிளந்துகொண்டு ஓடும் விரைவுச்சாலை இருந்தது. நடப்பவர்களை மேலே தூக்கிப் பாலத்தில் ஏற்றிவிட்டுத் தரை முழுவதையும் காருக்கு எழுதி வைத்திருந்தார்கள். மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்று, தங்கள் கால்களின் கீழிருந்து தெரு உருவப்படுவதை ரசித்துவிட்டுப் போனார்கள்.

பிறகு 1956-ல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது, மத்திய அரசின் பணம் வந்தது, புல்டோசர் வந்தது. கார் கம்பெனிகளின் தலைநகரமான டெட்ராய்டில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பிளாக் பாட்டம் என்ற பகுதியும், அவர்களுடைய கடைகளும் இசைக்கூடங்களும் வரிசையாக இருந்த ஹேஸ்டிங்ஸ் தெருவும் நகரச் சீரமைப்புக்கும் விரைவுச்சாலைக்கும் பலியாகின. இன்றைக்கு அதே சாலைப் பள்ளத்தை மூடி மறுபடியும் சாதாரணத் தெருவாக்கலாமா என்று அங்கே திட்டம் போடுகிறார்கள். அதற்கும் ஒரு மாடல் செய்திருப்பார்கள், சந்தேகமே வேண்டாம். மாடலின் அழகே அதுதான். அதில் கட்டி முடித்தது மட்டும் தெரியும். இடித்தது யார் வீட்டை என்று தெரியாது.

குரு சொல்லிக்கொடுத்த பாடத்தை நான் கவனமாகக் குறித்துக்கொண்டேன்: அரங்கத்துக்குப் பணம் கொடுப்பவர் யார் என்று தெரிந்தால் எதிர்காலம் எப்படி இருக்கும் என்பதை உள்ளே போகாமலே சொல்லிவிடலாம்.

நம்மவர்கள் நியூயார்க் வரை போவதில்லை. சிங்கப்பூர் போவார்கள். சென்னையைச் சிங்கப்பூர் ஆக்குவோம் என்ற வாக்குறுதியைக் கேட்டுக்கேட்டு மூன்று தலைமுறைக்குக் காது மரத்துவிட்டது. அங்கே மேக்ஸ்வெல் சாலையில் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் கட்டடம் இருக்கிறது. அதற்குள் சிட்டி கேலரி. நகர மையம் முழுவதையும் பொம்மையாகச் செய்து பரப்பி வைத்திருக்கிறார்கள். ஆய்வுக்குப் போகும் அதிகாரி எவரும் அதைப் பார்க்காமல் திரும்ப மாட்டார். பார்த்து முடித்ததும் பசிக்கும். சாலையைக் கடந்தால் எதிரே மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையம். அதன் முகவரி என்ன தெரியுமா? கடையநல்லூர் தெரு. நம் தென்காசிப் பக்கத்துக் கடையநல்லூர்தான். பிழைக்கப் போனவர்கள் ஊர்ப்பெயரையும் கூடவே எடுத்துப் போயிருக்கிறார்கள். அந்த நிலையத்தில் இருப்பவை ஒரு காலத்தில் தெருவில் நின்ற கடைகளின் வாரிசுகள். சிங்கப்பூரிலும் அவர்களைத் தெருவிலிருந்து விரட்டத்தான் செய்தார்கள், மென்மையாக ஒன்றும் இல்லை. ஆனால் முதலில் கணக்கெடுத்தார்கள், உரிமம் கொடுத்தார்கள், பிறகு தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் போட்ட கூரையின் கீழ் இடம் கொடுத்தார்கள், அதுவும் ஜனம் நடமாடுகிற இடங்களிலேயே. அந்த உணவங்காடிப் பண்பாட்டை 2020-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். நம் ஆய்வுக் குழுவும் அங்கே உட்கார்ந்து கோழிச்சோறு சாப்பிடுகிறது. வயிறு நிறைந்ததும் விமானம் ஏறி வந்து, தெருவுக்கு அந்தப் பக்கம் பார்த்த பொம்மையைப் பற்றி அறிக்கை எழுதுகிறது. சாப்பிட்டது யார் கடையில் என்பது பயணப்படிக் கணக்கில் மட்டும் இருக்கும்.

சரி, நம் அரங்கத்துக்கு வருவோம்.

நுழைந்ததும் வரலாற்று அறை. தி.நகர் இருக்குமிடம் ஒரு காலத்தில் ஏரி. நுங்கம்பாக்கம், மாம்பலம் பக்கமாகக் கிடந்த அந்த நீண்ட ஏரியை 1920-களில் வற்றவைத்துத்தான் குடியிருப்பு போட்டார்கள். நகருக்கு நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயர், பூங்காவுக்குப் பனகல் அரசரின் பெயர். பிற்பாடு பாண்டி பஜாருக்கு சவுந்தரபாண்டியனாரின் பெயர். ஏரிக்கு நினைவாக மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒன்றை விட்டுவைத்திருக்கிறார்கள். லேக்கும் இல்லை, வியூவும் இல்லை, வாகனம் நிறுத்த இடமும் இல்லை. இந்த அறையில் ‘மழை’ என்று ஒரு பட்டன் வைக்கலாம் என்று நினைத்தேன். அழுத்தினால் பார்வையாளரின் கால் முழங்கால் வரை நனைய வேண்டும். 2021 நவம்பரில் ஏரி தன் நிலத்தைப் பார்க்க வந்து நாள்கணக்கில் தங்கிப் போனதே, அதன் நினைவாக. மாம்பலம் கால்வாயைச் சீராக்குகிறோம் என்று ஸ்மார்ட் சிட்டித் திட்டக்காரர்கள் தொடங்கிய வேலையின் இடிபாடே கால்வாயை அடைத்துக்கொண்டு கிடந்ததாகப் புகார் எழுந்ததும், விசாரிக்க ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவரை அரசு அமர்த்தியதும் நினைவிருக்கலாம். ஆனால் தண்ணீர் விட்டால் மின்கசிவு ஆபத்து என்று தடையின்மைச் சான்று கிடைக்காது. ஆகவே மழையை நீல விளக்காகக் காட்டிவிடுவோம். கூடவே இதமான புல்லாங்குழல்.

அடுத்தது அரங்கத்தின் உயிர்நாடி, தொடுதிரைக் கூடம். ‘உங்கள் நகரை நீங்களே வடிவமையுங்கள்’ என்று மேலே எழுதியிருக்கும். கேள்விகளைத் தயாரிப்பதில்தான் என் கைவண்ணம் இருக்கிறது. நடைபாதைப் பெஞ்சு சாம்பல் நிறமா, இளஞ்சாம்பல் நிறமா? விளக்குக் கம்பத்தின் தலை உருண்டையா, தட்டையா? செல்ஃபி எடுக்கும் இடத்தில் ஊர்ப்பெயர் எழுத்து எத்தனை அடி உயரம்? பார்வையாளர் பதில் அழுத்தியதும் திரையில் பூ மழை பொழியும், ‘நன்றி, உங்கள் கருத்து மதிப்புமிக்கது’ என்று வரும். எவ்வளவு மதிப்பு என்பதற்கு முன்மாதிரி உண்டு. ஸ்மார்ட் சிட்டிப் போட்டியில் நகரங்களைத் தேர்ந்தெடுத்தபோது மக்களிடம் கருத்துக் கேட்டதற்கு மதிப்பெண் போட்டார்கள். கேட்டதற்குத்தான். கேட்டபடி நடந்ததற்கு இல்லை.

சில கேள்விகளைத் திரையிலிருந்து கவனமாக நீக்கியும் இருக்கிறேன். ஒரு பக்கம் நடப்பவர்களுக்கான தெரு என்று கிரானைட் பதித்துக்கொண்டே, கூப்பிடு தூரத்தில் உஸ்மான் சாலையில் பாலத்துக்குமேல் பாலம் எதற்கு? 2023-ல் மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைத்து அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஆகாய நடைபாதையைத் திறந்தீர்களே, ரயிலில் இருந்து இறங்குபவனுக்கு அது உதவி, மறுக்கவில்லை. ஆனால் நடப்பவனை மேலே ஏற்றிவிட்டுத் தரையை வண்டிக்குக் கொடுப்பது 1939-ன் எதிர்காலம் அல்லவா? இதையெல்லாம் கேட்கத் திரையில் இடம் போதாது.

பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சுமார் 40 கோடி ரூபாயில் கட்டி 2019 நவம்பரில் திறந்தார்கள். வண்டியே வராத தெரு என்று தொடங்கிய பேச்சு, வண்டிக்குக் கொஞ்சம் குறைவாக இடம் விட்ட தெருவில் வந்து முடிந்தது. ஆனாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும்: சென்னையில் முழங்கால் வலிக்காரர் ஒருவர் தொடர்ந்து நூறு அடி தட்டுத் தடுமாறாமல் நடக்கக்கூடிய மிகச் சில இடங்களில் அதுவும் ஒன்று. மாலையில் போனால் தாத்தாக்கள் பெஞ்சில் உட்கார்ந்து அரசியல் பேசுகிறார்கள். நல்ல விஷயம். என் கோபம் கல்லின் மேல் இல்லை.

யார் முடிவு செய்தார்கள் என்பதில் இருக்கிறது. சென்னை மாமன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில் நடந்தது. இடையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இந்தியாவின் பழைமையான மாநகராட்சிக்கு மேயர் கிடையாது, 200 வார்டுகளிலும் ஒரு கவுன்சிலர் கிடையாது. தனி அதிகாரிகள் இருந்தார்கள். ஸ்மார்ட் சிட்டிக்கென்று பதிவு செய்த தனிக் கம்பெனி இருந்தது. தி.நகரின் எதிர்காலத்துக்கு டெண்டர் விடப்பட்டதும் கல் பதிக்கப்பட்டதும் இந்த இருட்டுக் காலத்தில்தான். கவுன்சிலர் என்றால் உத்தமரா என்று கேட்பீர்கள். பலர் இல்லை. கமிஷன் கணக்கு எனக்கும் தெரியும். ஆனால் குழாயில் சாக்கடை வந்தால் ராத்திரி பதினோரு மணிக்கு அவர் வீட்டு வாசலில் போய் நின்று கத்தலாம். அவர் மாமியாரிடம் முறையிடலாம். ஐந்து வருடத்தில் ஒரு நாள் அவர் நம் வாசலுக்கு வந்து கும்பிட்டே ஆக வேண்டும். தொடுதிரை யார் வாசலுக்கு வந்து கும்பிடும்?

இப்போது தரைக்கடைக்காரர்கள். அரங்கத்தின் அழைப்பிதழ் அட்டையில் பூக்காரம்மாளின் சிரித்த முகம் பெரிதாக அச்சாகும். ‘துடிப்பான தெரு வாழ்க்கை’ என்று கீழே ஒரு வரி. உள்ளே மாடலில் அவர் இருக்க மாட்டார். மாடல் தெருவில் அவர் உட்கார்ந்தால் ஆக்கிரமிப்பு. பாண்டி பஜாரின் தரைக்கடைகளை 2013-ல் மாநகராட்சி ஒரு மாடி வணிக வளாகத்துக்குள் ஏற்றியது. 600-க்கும் மேற்பட்ட கடைகள். வளையல், ஹேர்பின், கர்ச்சீப், கைபேசி உறை. தெருவில் போகிற போக்கில் கண்ணில் பட்டு வாங்குகிற சரக்கு இது. ஐந்து ரூபாய் ஹேர்பின்னுக்காக மாடிப்படி ஏறிய ஒரு பெண்ணை யாராவது காட்டினால் அவருக்கு இந்த அரங்கிலேயே சிலை வைக்கிறேன். வாடிக்கையாளர் படி ஏறாத கடைக்காரர் என்ன செய்வார்? சரக்கைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் கீழே வருவார். வந்தால் லாரி வரும். இந்தச் சுற்றை நாற்பது வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறோம். லாரி வராத நாட்களுக்கு வசூல் உண்டு. அதற்கு மட்டும் ரசீது புத்தகம் அச்சடிக்கப்படுவதில்லை.

இதில் நெஞ்சைப் பொசுக்குவது, கருத்துக் கேட்கச் சட்டமே இருக்கிறது என்பது. 2014-ல் நாடாளுமன்றம் தெரு வியாபாரிகள் சட்டத்தை இயற்றியது. ஒவ்வொரு நகரத்திலும் நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அதில் நூற்றுக்கு 40 இடமாவது தெரு வியாபாரிகளுக்கு, அதுவும் அவர்களே தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு. அந்த இடங்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்துச் சான்று கொடுத்து முடிக்கும்வரை யாரையும் அகற்றக் கூடாது. வியாபாரம் எங்கே நடக்கலாம், எங்கே நடக்கக் கூடாது என்பது அந்தக் குழுவில் பேசித் தீர வேண்டிய விஷயம். ஐயா, இதைவிட இன்டராக்டிவாக ஒரு பொருளை எந்த வடிவமைப்பாளன் கண்டுபிடிக்கப் போகிறான்? ஒயர் போட்ட பட்டன் இது. அழுத்தினால் மறுமுனையில் ஏதாவது நடந்தே ஆக வேண்டும். அதனால்தான் இதன் மேல் எவருக்கும் பிரியம் இல்லை. குழு கூடியதா, என்ன பேசியது, குறிப்பு எங்கே என்று கேட்டால் கோப்பைத் தேடுகிறார்கள். தொடுதிரை எந்த ஊரில் வாங்கலாம் என்று கேளுங்கள், மூன்று மாதிரியோடு விலைப்பட்டியல் வந்துவிடும்.

குழந்தைகளுக்கும் ஒரு விளையாட்டு மூலை வேண்டும். கட்டை அடுக்கும் விளையாட்டு. அனுமதி மூன்று மாடி என்று அட்டையில் போட்டிருக்கும். குழந்தை எட்டு மாடி அடுக்கினால் சிவப்பு விளக்கு எரியும். உண்டியலில் காசு போட்டால் பச்சை விளக்கு. வரன்முறைக் கட்டணம் என்ற பெயரில் 1990-களின் கடைசியிலிருந்து நம் பெரியவர்கள் ஆடும் ஆட்டம்தான். எப்போதாவது ஆட்டத்தில் விறுவிறுப்பு கூடும். 2011 அக்டோபர் கடைசியில் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் விதிமீறல் கட்டடங்களுக்கு சீல் வைத்தார்கள். ஊரே திரண்டு வந்து பூட்டைப் பார்த்தது. உச்ச நீதிமன்றம் போய் அடுத்த பொங்கலுக்குள் பூட்டைத் திறந்துவிட்டார்கள். 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் ஏழு மாடித் துணிக்கடை ஒன்று பற்றிக்கொண்டது. பகலும் இரவுமாக எரிந்து கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. மிச்சத்தை இயந்திரம் வைத்து இடித்தார்கள். விடியும் முன் தொடங்கிய தீ. கடை திறந்து, தீபாவளிக் கூட்டத்தில் அது நடந்திருந்தால் என்ன என்று ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அதற்கான விளக்குக்கு நான் இன்னும் நிறம் முடிவு செய்யவில்லை.

எனக்குப் பிடித்த அறை ஒன்றை வரைந்து வைத்திருக்கிறேன். கண்டிப்பாக நிராகரிக்கப்படும் என்பதால் இங்கே விரிவாகச் சொல்லிவிடுகிறேன். பார்வையாளர் உள்ளே வந்ததும் கைபேசியை வாங்கி வைத்துக்கொள்வோம். சீருடை கொடுப்போம். ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் அடுக்கடுக்காகப் புடவை. எதிரில் ஒரு குடும்பம் வந்து உட்காரும். கவனியுங்கள், அவர்கள் உட்காருவார்கள். பார்வையாளர் நிற்பார். அந்த மயில் கழுத்து நிறத்தை எடுங்கள், பார்டர் இன்னும் கொஞ்சம் பெரிதாக, அதே பார்டரில் வேறு உடல் நிறம், இல்லை முதலில் காட்டியதே இருக்கட்டும், இருந்தாலும் பக்கத்துக் கடையையும் பார்த்துவிட்டு வருகிறோம். முப்பது புடவையை விரித்தவர் முப்பதையும் பழைய மடிப்பில் மடிக்க வேண்டும். மடித்து முடிக்கும்முன் அடுத்த குடும்பம். சிறுநீர் கழிக்கப் போக மேற்பார்வையாளரிடம் கேட்க வேண்டும். அவர் கடிகாரத்தைப் பார்ப்பார். கூரையில் கேமரா. பத்து நிமிடத்தில் குதிகாலில் தொடங்கும் வலி இருபதாவது நிமிடம் இடுப்புக்கு வரும். அரங்கப் பார்வையாளருக்கு இருபது நிமிடம் போதும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பதினெட்டு வயதில் வந்து விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண்ணுக்கு நாள் முழுக்க, வாரத்தில் ஆறு நாளோ ஏழு நாளோ, ஆடியில் தள்ளுபடி, ஐப்பசியில் தீபாவளி, தையில் பொங்கல்.

இயக்குநர் வசந்தபாலன் 2010-ல் இவர்களைப் பற்றி ‘அங்காடித் தெரு’ படம் எடுத்தபோது ஊரே அழுதது. அழுதுவிட்டு அதே தெருவுக்குப் போய்த் தீபாவளித் துணி எடுத்தது. 2018-ல் கேரளம், கடை ஊழியர்கள் உட்காரச் சட்டம் திருத்தியது; அங்கே ஜவுளிக்கடைப் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடி வாங்கிய திருத்தம் அது. 2021-ல் தமிழ்நாடு சட்டப்பேரவையிலும் திருத்தம் வந்தது: கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை போட வேண்டும், இடைவெளி கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். யோசித்துப் பாருங்கள். மனிதர் ஒருவர் உட்காரலாம் என்று ஒரு மாநிலம் சட்டம் போட வேண்டியிருந்தது, அதுவும் 21-ஆம் நூற்றாண்டில், ராக்கெட் விடுகிற நாட்டில். சட்டம் வந்த பிறகு பல கடைகளில் நாற்காலியும் வந்தது. அது சுவரோரம் பத்திரமாக இருக்கிறது, சில இடங்களில் அதன்மேல் சரக்கு அட்டைப்பெட்டி உட்கார்ந்திருக்கிறது. பெட்டியை எவரும் முறைப்பதில்லை.

இந்த அறைக்கு விளம்பரதாரர் கிடைக்க மாட்டார் என்பது தெரிந்ததே. கடைத்தெருவின் எதிர்காலத்தைக் காட்டும் அரங்குக்குக் கடைத்தெருவின் முதலாளிகளிடம்தானே பணம் கேட்க வேண்டும்? வருகிற பிரதிநிதி நல்ல பையனாக இருப்பார். “சார், கான்செப்ட் சூப்பர். ஆனா கொஞ்சம் நெகட்டிவா இருக்கு. இந்த ரூம்ல எங்க பிராண்டோட பட்டுப் பாரம்பரியத்தை ஹாலோகிராம்ல காட்டினா என்ன?” என்பார். காட்டிவிடலாம் தம்பி. ஹாலோகிராமுக்குக் கால் வலிக்காது.

கண்ணில் மாட்டும் மெய்நிகர் பெட்டிக்கு ஒரு காட்சி வேண்டும். ட்ரோன் போலப் பறந்து பனகல் பூங்காவைச் சுற்றுவதுதான் வழக்கமான காட்சி. கீழே மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிய பள்ளத்தை மங்கலாக்கிவிடலாம். நான் சொல்லும் காட்சி வேறு. காலை ஐந்து மணி, பெரும்பாக்கம், பேருந்து நிறுத்தம். குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கியபோது குடிசை இருந்த இடத்திலேயே, ஊருக்கு நடுவிலேயே மாடி கட்டிக் கொடுத்தது. 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று மக்களை லாரியில் ஏற்றிச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். தி.நகரின் தெரு கூட்டுபவர்களிலும், அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவர்களிலும் பலர் இன்று 20 கிலோமீட்டர் போலப் பயணம் செய்துதான் இங்கே வந்து சேர்கிறார்கள். 2021-ல் வாரியத்துக்குத் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று கௌரவமான பெயர் சூட்டினார்கள். பெயர்ப்பலகை நீண்டது, பேருந்துப் பயணம் ஒரு அங்குலமும் குறையவில்லை. மெய்நிகர் பெட்டியில் நெரிசலைக் காட்டலாம். இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு தொங்குவதைக் காட்ட இன்னும் தொழில்நுட்பம் வரவில்லை.

மாடல் செய்யும் கலையில் சென்னைக்கு முன் அனுபவம் இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் மூர் மார்க்கெட் இருந்தது. பழைய புத்தகம், பழைய இசைத்தட்டு, கிளி, முயல், மர பீரோ, எது கேட்டாலும் கிடைத்த சந்தை. 1985 மே மாதம் ஓர் இரவில் எரிந்துபோனது. அந்த நிலத்தில் புறநகர் ரயில் நிலையக் கட்டடம் எழுந்தது. எரிந்த கட்டடத்தின் ஞாபகமாக அதன் சிறிய உருவம் ஒன்றைச் செய்து வளாகத்தில் வைத்தார்கள். வியாபாரிகள் பக்கத்திலிருந்த மாநகராட்சிக் கட்டடத்துக்குள் போய் அடைந்தார்கள். சந்தை போய்விட்டது, மாடல் இருக்கிறது. நம் தொழிலின் மொத்தச் சாதனையும் அந்தச் சிறிய உருவத்தில் அடக்கம் என்றே சொல்லலாம், வடிவமைப்பாளர்கள் கோபித்துக்கொண்டாலும்.

வரைவு தயார். மதிப்பீட்டுக் குழுவுக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. திறப்பு விழாவுக்கு மந்திரி வருவார். முதல் நாள் மாலையே நடைபாதையைத் துப்புரவு செய்ய உத்தரவு போகும். துப்புரவு என்றால் குப்பையை எடுப்பது மட்டும் இல்லை என்பது பூக்காரம்மாளுக்கு நன்றாகத் தெரியும்; கூடையும் முக்காலியும் குடையும் லாரியில் ஏறும், திரும்ப வாங்க அபராதம் கட்ட வேண்டும். ஆகவே விழா ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு யோசனை. மேடைக்கும் மாலைக்கும் பூ எப்படியும் வேண்டும். லாரி வருவதற்கு முன்பே அவரிடம் வாங்கிவிடுங்கள். பேரம் பேசாதீர்கள். பில் பாஸானதும் தருகிறோம் என்று சொல்லாதீர்கள். ரொக்கமாகக் கொடுங்கள். அபராதம் கட்ட அவருக்குக் காசு வேண்டும்.